ஊசிக்கு முன் கேட்ட கேள்வி

மதியம் ஒன்று இருபது. அறுவை அரங்கின் கதவுக்கு மேல் மாட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த நேரம் மனதில் தங்கிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ் என் பக்கம் திரும்பாமல் படியிறங்கி ஓடினார். அதுவரை என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் "சின்ன ஆபரேஷன்தான் சார், பயப்படாதீங்க" என்று சிரித்தவர் அவர். திரும்பி மேலே வந்தபோது கையில் ஏதோ மருந்துக் குப்பிகள் இருந்தன. அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சற்று முன்புதான் அறுவை செய்த டாக்டர் வெளியே வந்திருந்தார். என் மகளின் வயிற்றிலிருந்து எடுத்த குடல்வாலை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் காட்டினார். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றார். அவருக்கு அடுத்த அறுவை பொன்னேரியில் இருந்ததால் உடனே கிளம்பிவிட்டார். நான் மனைவிக்குப் போன் செய்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். அன்று அமாவாசை. முழங்கால் வலி தீர வேண்டுமென்று திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கப் போயிருந்தாள். குளத்துப் படியில் நின்றுகொண்டுதான் பேசினாள். பின்னால் ஒரே இரைச்சல். மகளுக்கும் சேர்த்து இன்னொரு அச்சு வெல்லம் வாங்கிப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறுவதாகச் சொன்னாள்.

முடிந்தது என்று நான் சொன்ன பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது.

நாங்கள் இருப்பது கவரைப்பேட்டையில். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். உலையில் உருகிய இரும்பை அச்சில் ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து, உறைய வைத்து, அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் சரி என்று சொல்லாமல் ஊற்ற மாட்டார்கள். ஃபோர்மேன் எத்தனை கத்தினாலும் முடிவு வரும்வரை உலை காத்திருக்க வேண்டும். என் மனைவியின் அண்ணன் சோழவரம் ஏரிக்கரைப் பக்கம் நெல் பயிர் வைக்கிறவர். எந்த விசேஷத்திலும் என்னைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, "எங்க மாப்ள டெஸ்ட்டு பண்ணாம தண்ணி கூட குடிக்க மாட்டாரு, ரசத்துல ஒரு சொட்டு லேபுக்கு அனுப்புங்கடா" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். நானும் சிரிப்பேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மகள் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அன்று காலை கல்லூரிப் பேருந்திலேயே வலி தாங்காமல் சுருண்டுவிட்டாள் என்று அவளுடைய தோழி போன் செய்ய, ஷிஃப்ட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன நர்சிங் ஹோமில்தான் சேர்த்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால், உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். மகள் வலியோடும் என்னைக் கேலி செய்தாள். "அப்பா, உன் மூஞ்சியப் பாத்தா உன்னைத்தான் படுக்க வெச்சுத் தள்ளிக்கினு போவாங்க."

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி என்று எங்கே அறுவை இருந்தாலும் கூப்பிட்டால் தன் காரில் வந்துபோகிறவர். உள்ளே கொண்டுபோவதற்கு முன் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக எப்போது சாப்பிட்டாள், ஆஸ்துமா உண்டா, ஆடுகிற பல் ஏதாவது இருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா. குடும்பத்தில் யாருக்காவது அறுவையின்போது மயக்க மருந்தால் சிக்கல் வந்திருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அப்படி எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை, அதனால் இல்லை.

"சொந்தத்துல கல்யாணமா சார்?"

"அத்தை பொண்ணு," என்றேன்.

அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க என்ன ஆளுங்க?"

இதைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் இதே கேள்வியை இதே தாழ்ந்த குரலில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது சாதி என்ற இடத்தை நிரப்பாமல் கொடுத்து, தலைமையாசிரியையோடு வாதாடி, அப்படியே விட வைத்தவன் நான். சொந்தக்காரர்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவேன். ஆஸ்பத்திரியில், ஒரு படித்த டாக்டர், வலியில் துடிக்கும் பெண்ணுக்கு முன்னால் இதைக் கேட்கிறாரே என்று இருந்தது.

"நாங்க அதெல்லாம் சொல்றது இல்லைங்க. ரத்தம் எல்லாருக்கும் சிவப்புத்தான்," என்றேன்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மகள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். மருந்து விஷயமாகத்தான் கேட்டேன் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சார், விடுங்க" என்று முடித்துக்கொண்டார். கதவு மூடியது.

ஒன்று இருபதுக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் அவர்தான் வெளியே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. அறுவையில் பிரச்சினை இல்லை, இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது, மூச்சு மட்டும் தானாக வரவில்லை என்றார். மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போடும்போது தசைகள் தளர்வதற்காக ஒரு ஊசி போடுவார்களாம். சில நிமிடங்களில் உடம்பே அதைக் கரைத்துவிடுமாம். இவளுக்கு இன்னும் கரையவில்லை. அல்லது காரணம் வேறு ஏதாவது.

"இப்போ கோவப்படாம சொல்லுங்க சார். நீங்க யாரு?"

சொன்னேன். வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். எங்கள் சாதியின் பெயரை, அதற்குள் இருக்கும் பிரிவின் பெயரை, கேட்காமலே கோத்திரத்தையும் சொன்னேன். வாய்விட்டு அதைச் சொல்லி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. இன்னும் ஏதாவது கேட்க மாட்டாரா, அதையும் சொல்லி மகளை வாங்கிக்கொண்டு போய்விடலாமே என்று இருந்தது.

அவர் தலையை ஆட்டினார். அப்படியானால் அதுவாக இருக்கலாம் என்றார். இந்தப் பக்கத்து டாக்டர்களுக்கு எங்கள் ஆட்களைப் பற்றி இது தெரியுமாம். எங்களில் சிலருக்கு அந்த மருந்தைக் கரைக்கும் பொருள் ரத்தத்தில் இருப்பதில்லையாம். அதுதான் காரணம் என்றால் பயமில்லை, மெல்ல மெல்ல மருந்து இறங்கும்வரை மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும். ஆனால் நிச்சயமாகத் தெரியாது. மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறதா என்று நரம்பைத் தூண்டிப் பார்க்கிற கருவி அந்த இடத்தில் இல்லை. மூளையில் ஏதாவது ஆகியிருந்தால் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அப்போது சென்னைக்குக் கொண்டுபோய்த் தலையை ஸ்கேன் பண்ண வேண்டும். கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே காரனோடை, செங்குன்றம், மாதவரம் என்று அந்த நெரிசலில் ஆம்புலன்சில் போவது அதைவிட ஆபத்து.

"உங்க ரெண்டு பேர் குடும்பத்துல யாராவது ஒருத்தருக்கு இப்படி ஆகியிருந்துச்சுன்னு தெரிஞ்சா போதும் சார். நான் தைரியமா உக்காந்து காத்திருப்பேன். கேட்டுச் சொல்லுங்க. நான் ஆம்புலன்சுக்குச் சொல்லி வைக்கிறேன்."

கதவு மூடும்போது இடைவெளியில் பார்த்தேன். பச்சைத் துணிக்கு வெளியே மகளின் பாதங்கள் தெரிந்தன. நர்ஸ் ஒரு கருப்பு ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். அந்த மெஷினுக்குத் தானாக மூச்சுக் கொடுக்கும் வசதி இல்லை. ஆளுக்குக் கொஞ்ச நேரம் கைமாற்றிக் கைமாற்றி அமுக்கினார்கள். அந்தக் கை நின்றால் என் மகளும் நின்றுவிடுவாள். நான் உள்ளே போய் அமுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட அங்கே யாரும் நிற்கவில்லை.

மனைவிக்குப் போன் செய்தேன். பெரியபாளையம் தாண்டிப் பேருந்து நெரிசலில் நிற்கிறது என்றாள். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. முதலில் அழுதாள். பிறகு உங்கள் பக்கம், எங்கள் பக்கம் என்று பெயர் பெயராக யோசித்தாள். பாதிப் பேர் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணனுக்கு ஒரு தபா ஹெர்னியா ஆபரேஷன் ஆச்சு. நா அப்போ உங்க ஊட்ல தங்கிக்கினு டைப்ரைட்டிங் கத்துக்கினு இருந்தேன். போயி பாக்கக்கூட வுடல என்னிய. அண்ணனக் கேளுங்க."

மச்சானைக் கூப்பிட்டேன். வழக்கம்போல "இன்னா மாப்ள, லேப்பு லீவா?" என்றுதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் எங்கோ மோட்டார் ஓடுவது மட்டும் கேட்டது.

"ஊசி போட்டு எழுந்திரிக்கலையா?" என்றார்.

"ஆமாம் மச்சான். உங்களுக்கு ஏதாவது..."

"நா வர்றேன்."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை போதும் எனக்கு. அதைச் சொல்லாமல் வருகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாமல் நின்றேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியம்மா, ஆரம்பாக்கத்துப் பக்கமாம், மருமகளின் பிரசவத்துக்கு வந்தவர், என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். "ஒக்காரு நைனா. நீ நின்னா மட்டும் மூச்சு வந்துடுமா?" உட்கார்ந்தேன்.

இவ்வளவையும் இப்போது வரிசையாக எழுத முடிகிறது. மகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் முடிகிறது. அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று அவளுக்குக் கோபம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கினால் வாசலில் நின்று மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். கண்ணைத் திறக்காமலே "இருக்கேன்பா" என்பாள்.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து அவள் ஒன்று சொன்னாள். அன்று நடுவில் கொஞ்ச நேரம் தனக்கு நினைவு வந்துவிட்டது என்றாள். அறுவை முடிந்ததும் எழுப்புவதற்காக மயக்க வாயுவை நிறுத்திவிட்டார்கள். மனம் விழித்துக்கொண்டது, உடம்பு விழிக்கவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை, விரல் அசையவில்லை, மூச்சை இழுக்க முடியவில்லை. பேசுவதெல்லாம் கேட்டது. ஏன் எழுந்திரிக்க மாட்டேங்கிறா என்று யாரோ கேட்டதும் கேட்டது. நான் எழுந்துதான் இருக்கிறேன் என்று சொல்ல முயன்றாளாம். டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி மயக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். அதுவரை அப்படியே கிடந்தாளாம். இதைச் சொல்லிவிட்டு அவள் போய்ச் சாப்பிட்டாள்.

பிறகு சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் எங்கள் மூவரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். மரபணுத் துறையில் இருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்குள் அந்தக் கோளாறின் ஒரு பிரதி இருக்கிறது, மனைவிக்குள் ஒன்று. எங்கள் இருவருக்கும் அதனால் ஒன்றும் இல்லை. இரண்டும் மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. இது நோய் இல்லை, அந்த ஒரு வகை ஊசியைத் தொடாதவரை நூறு வயது வரைக்கும் தெரியாது என்றார். தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டம் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இப்படி ஏதாவது ஒன்று அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், எங்களுக்கு இது, இன்னொரு கூட்டத்துக்கு வேறொன்று. எந்தக் கூட்டத்துக்கு எது என்று முன்கூட்டியே தெரிந்து, ஒரு ரத்தச் சோதனை செய்து, கையில் ஒரு அட்டை கொடுத்துவிட்டால் போதும் என்றார். பொதுச் சுகாதாரம் என்றால் எனக்குக் கொசு மருந்தும் போலியோ சொட்டும்தான். நான் யார் வீட்டில் பெண் எடுத்தேன் என்பதும் அதில் சேரும் என்று அன்றுதான் தெரிந்தது. சாதி என்ற இடத்தை நான் நிரப்பாமல் விட்டேன், சரி. ஆனால் கட்டிக்கொண்டது அத்தை மகளை. படிவத்தில் விட்டது மகளின் ரத்தத்தில் அப்படியே இருந்தது.

மனம் புண்படாமல் இதை எப்படிக் கேட்பது என்று டாக்டர்களுக்கும் தெரியவில்லை. கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள் என்று மயக்க மருந்து டாக்டரே பிறகு ஒருநாள் சொன்னார். தான் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். தயவுசெய்து ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள், சோதனை எங்கே செய்கிறார்கள் என்று சொல்கிறேன் என்று கேட்டேன். ஒருவர் கும்பிடு போட்டார். அதன் மேல் யாரோ காலை வணக்கம் போட்டார்கள். சாயங்காலம் அந்தக் குழுவில் இருந்த ஒரு வீட்டிலிருந்து மனைவிக்கு ஒரு போன் வந்தது. வரன் பார்க்கிற நேரத்தில் இப்படி ஊருக்கே போட்டுக் குடும்ப மானத்தை வாங்க வேண்டுமா, உன் வீட்டுக்காரரிடம் சொல்லி வை என்றார்களாம். எங்களுக்கு இருக்கிற மாதிரி அவர்களுக்கும் பெண் இருக்கிறாள். அவளுக்கும் ஒருநாள் பிரசவம் வரும், ஏதாவது அறுவை வரும். அதையும் குழுவில் எழுதினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்கே திரும்புகிறேன். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரை மேலே கொண்டுவந்து அரங்கின் வாசலில் நிறுத்தினார்கள். டாக்டர் வெளியே வந்து, போகலாமா சார் என்றார். போவதில் இருக்கும் ஆபத்தையும் போகாததில் இருக்கும் ஆபத்தையும் மறுபடி சொன்னார். நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றார். தினமும் உலைக்கு முன்னால் நின்று ஊற்றலாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அங்கே என் கையில் சோதனை முடிவு இருக்கும். இங்கே ஒன்றுமில்லை. மனைவிக்குப் போன் போகவில்லை. எதைச் சொன்னாலும் அது மகளைக் கொல்லலாம் என்று தோன்றியது. ஸ்ட்ரெச்சர் பிடித்திருந்தவர்கள் என் வாயையே பார்த்தார்கள். போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. மச்சான். மடித்துக் கட்டிய லுங்கி, முழங்கால் வரைக்கும் வயல் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. செருப்பில்லை. சோழவரத்திலிருந்து அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்க்காமல் நேரே டாக்டரிடம் போனார்.

"எனக்கும் இப்டித்தான் ஆச்சு டாக்டரம்மா. பொன்னேரில ஹெர்னியா ஆபரேஷன். மத்தியானமே முடிஞ்சுடுச்சு, பொழுது சாயிற வரிக்கும் மூச்சு வர்ல. பைய அமுக்கிக்கினே இருந்தாங்க. அப்பறம் தானா வந்துச்சு. இந்த ஊசி இனிமே போடக் கூடாது, கூடப் பொறந்தவங்களுக்கும் சொல்லி வைங்கன்னு அந்த டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரு."

டாக்டர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு ஆம்புலன்ஸ்காரர்களைப் பார்த்து, வேண்டாம், நீங்கள் போகலாம் என்றார். உள்ளே எட்டி, அமுக்கிக்கொண்டே இருங்க சிஸ்டர், இது அதுதான், வந்துவிடுவாள் என்றார். ஸ்ட்ரெச்சரைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். அந்தப் பெரியம்மா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

உள்ளே போகக் கதவில் கை வைத்த டாக்டர் திரும்பி மச்சானிடம் கேட்டார், இத்தனை வருடமாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று.

மச்சான் அப்போதுதான் என்னைப் பார்த்தார். காய்ந்த சேற்றைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"இவரு ஊட்டுக்கு என் தங்கச்சியக் குடுக்க வேண்டியிருந்துச்சு டாக்டரம்மா."